பிள்ளைக்கு என்ன குறைச்சல்?

ஜூன் பிறந்தால் தென்காசி வட்டாரத்தில் இரண்டு சீசன் ஒன்றாகக் களைகட்டும். குற்றாலத்தில் சாரல், ஊரெல்லாம் பள்ளிக்கூடச் சேர்க்கை. இரண்டாவது சீசனை நம்பி ஒரு தனிச் சந்தையே நடக்கிறது. அபாகஸ் வகுப்பு, வேத கணிதம், கைரேகையைப் பார்த்துப் பிள்ளையின் அறிவுத்திறனைச் சொல்லும் ‘டெஸ்ட்’, பாலில் கலக்கினால் மூளை சுறுசுறுப்பாகும் என்று டப்பாவிலேயே அச்சடித்து வரும் மாவு. கூலி வேலைக்குப் போகிறவர்கூட மாதாமாதம் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவைக்கிறார். பிள்ளை நன்றாக வர வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால், அந்தப் பணம் போய்ச் சேரும் இடத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். குழந்தையின் மூளைக்கு அடித்தளம் போட்டு முடியும் பருவம் ஒன்று இருக்கிறது; இந்தச் சந்தை கடை விரிப்பது அதற்கு நாலைந்து வருடம் கழித்து. அந்தப் பருவத்தில் பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று தேடிப் பார்த்தால், உப்பில் இருக்க வேண்டிய அயோடினும், இரும்பும் முதலில் தென்படுகின்றன. அவற்றைச் சரிசெய்ய வழி தெரியும், ஓரளவுக்குச் செய்தும் வருகிறோம். கணக்கிலேயே வராத மூன்றாவது ஒன்று இருக்கிறது. பெரியவர் ஒருவரின் கையும் வாயும் ஓய்ந்திருக்கும் நேரம் அது. தென்காசிச் சீமையில் அந்த நேரத்தை எது தின்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

சந்தை விற்கும் சரக்கை முதலில் எடைபோட்டு விடுவோம். குஜராத்தின் வடோதராவில் ஒரு பள்ளியில் சுமார் 200 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் மூன்று ஆண்டுகள் மனக்கண் அபாகஸ் பயிற்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். 2016-இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் தேறியிருந்தார்கள். ஆனால் நினைவாற்றல் போன்ற அடிப்படைத் திறன்கள் அதனால் கூடவில்லை. ஆக, அபாகஸ் கணக்கு சொல்லித்தரும். மூளையை வளர்ப்பதாகச் சொல்வது வியாபாரம். பாலில் கலக்கும் மாவுகளின் கதை இன்னும் சுருக்கம். 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகமே இணைய வணிகத் தளங்களிடம், இத்தகைய பானங்களை ‘ஆரோக்கிய பானம்’ என்ற தலைப்பில் வைத்து விற்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. கைரேகைச் சோதனைக்கு இந்த ஒரு வாக்கியமே அதிகம்.

மூளையின் கால அட்டவணை வேறு. கருவிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. இரண்டு வயது முடிவதற்குள் மூளையின் அளவு, வளர்ந்த மனிதரின் மூளையில் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. நரம்பிழைகளின் மேல் உறை படர்வது, அவை ஒன்றோடொன்று இணைவது, கேட்கும் மொழியைப் பிரித்தறியும் பகுதிகள் உருவாவது எல்லாம் கருவுற்றது முதல் இரண்டு வயது வரையான இந்த ஆயிரம் நாட்களில் விரைந்து நடக்கின்றன. கருவுற்ற முதல் சில மாதங்களில் சிசுவுக்குத் தன் தைராய்டு சுரப்பி வேலை செய்யாது. தாயின் தைராய்டு நீரை நம்பித்தான் அதன் மூளை வளர வேண்டும். அந்த நீர் சுரக்க அயோடின் வேண்டும். தடுக்கக்கூடிய அறிவுத்திறன் குறைபாட்டுக்கு உலகில் மிகப் பெரிய காரணம் அயோடின் பற்றாக்குறைதான் என்று உலக சுகாதார நிறுவனம் பல காலமாகச் சொல்லிவருகிறது. முன்கழுத்துக் கழலை வெளியே தெரிகிற அடையாளம் மட்டுமே. கழலையே இல்லாத லேசான பற்றாக்குறைகூடப் பிள்ளையைப் பாதிக்கும். பிரிட்டனில் சுமார் ஆயிரம் தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013-இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் அயோடின் குறைந்திருந்த தாய்மாரின் பிள்ளைகள் எட்டு வயதில் மொழித்திறன் சோதனையிலும் ஒன்பது வயதில் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள்.

நம் ஊர்க் கணக்கு இங்கேதான் சங்கடப்படுத்துகிறது. குஜராத்துக்கு அடுத்து நாட்டுக்கே உப்பளக்கும் தூத்துக்குடி, தென்காசியிலிருந்து சில மணி நேரப் பயணம். 2018-19-இல் நடந்த இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாடு முழுக்க 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9. எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்குத்தான். உப்பு விளையும் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதே வினையாகிவிட்டது. உப்பளத்திலிருந்து மூட்டையாக வரும் கல்லுப்பு மலிவு, கைக்குப் பழகியது, ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதுதான் என்ற நம்பிக்கை வேறு. ‘கடல் உப்பில் இல்லாத சத்தா?’ என்று கேட்பார்கள். கடலில் அயோடின் உண்டு. மீனிலும் பாசியிலும் உண்டு. வெயிலில் காய்ந்து விளைந்த உப்பில் மட்டும் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. அதனால்தான் தயாரிக்கும் இடத்தில் பத்து லட்சத்துக்கு 30 பங்கும், வீட்டுக்கு வந்து சேரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். 2006 மே மாதம் முதல் அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்ண விற்பதற்கு நாடு முழுவதும் தடை. தடையைத் தாண்டித்தான் மூட்டை வருகிறது.

இதில் குற்றால மலையடிவாரத்துக்கு மட்டுமான ஒரு சிக்கலும் உண்டு. மழை அடித்துக் கழுவும் மலைச்சரிவு மண்ணில் அயோடின் தங்காது; அதில் விளையும் காய்கறியிலும் தானியத்திலும் அது குறைவாகவே இருக்கும். சாரல் நாட்களில் திறந்த சாடியில் கிடக்கும் உப்பு கசிந்து நீர்விடுவதை இங்குள்ள எல்லா அடுக்களைகளிலும் பார்க்கலாம். ஈரமும் சூடும் சேர்ந்தால், கடையில் வாங்கும்போது உப்பில் இருந்த அயோடினும் குறைந்துகொண்டே போகும். மூடியுள்ள டப்பா, அடுப்பை விட்டுத் தள்ளி ஒரு இடம், கறி இறக்கும் நேரத்தில் உப்பு, இவ்வளவுதான் செய்ய வேண்டியது. வலிநோக்கத்தில் உப்பெடுக்கும் தமிழ்நாடு உப்புக் கழகம் 2014-இல் ‘அம்மா உப்பு’ என்றும், 2022-இல் ‘நெய்தல் உப்பு’ என்றும் குறைந்த விலையில் அயோடின் உப்பை விற்க வந்தது. ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறட்டும், உப்பு கடைக்கு வந்தால் போதும். உப்பே கூடாது என்று ரத்தக் கொதிப்புக்காரர் சொல்வது தனி விஷயம். அளவாகப் போடுகிற உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும் என்பதுதான் இங்கே சொல்லப்படுவது.

இரும்புச்சத்து விஷயத்தில் தமிழ்நாட்டின் எண்கள் இன்னும் மோசம். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் இது 50.7. பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிற மாநிலம் இது. குள்ளமான குழந்தைகள் நாட்டில் 35.5 சதவீதம் என்றால் இங்கே 25 தான். ரத்தத்தில் மட்டும் கோட்டைவிட்டிருக்கிறோம். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தை வைத்து அளந்ததால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது என்று நிபுணர்கள் சிலர் சொல்கிறார்கள். அது நியாயமான ஆட்சேபம்தான். நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து 2016-18-இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் சுமார் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஐந்து பேரில் இருவர். நரம்புறை உருவாகவே இரும்பு தேவை. கோஸ்டா ரிக்காவில், கைக்குழந்தைப் பருவத்தில் இரும்புச்சத்தின்றி ரத்தசோகைக்கு ஆளான குழந்தைகளைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். மருந்து கொடுத்து ரத்தம் சரியான பிறகும், சோதனைகளில் அவர்கள் தம் வயதுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறையைத் தீர்க்கும் பொருட்களெல்லாம் இந்த மாவட்டத்திலேயே விளைகின்றன. முருங்கைக்கும் கீரைக்கும் பஞ்சமில்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. அதே வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும். நேர்மாறான வேலையைச் செய்வது டீ. பால்குடி மறந்த பிள்ளைக்குக் காலையில் டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பசியாற்றுவது இங்கே ஏழை, நடுத்தரம் என்ற பேதமில்லாத பழக்கம். அந்த டீ, சோற்றில் உள்ள கொஞ்சநஞ்ச இரும்பையும் கட்டிப்போட்டுவிடுகிறது. ஆறு மாதம் முடிந்ததும் மசித்த சோற்றில் பருப்பு, கீரை, முட்டை மஞ்சள்கரு என்று கெட்டியாகத் தொடங்க வேண்டியதை, ஒரு வயது வரை பாலும் நீர்த்த கஞ்சியுமாக ஓட்டுவதும் உண்டு. அதற்கும் முன்னால், பிரசவ அறையிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. குழந்தை வெளியே வந்தபின் குறைந்தது ஒரு நிமிடம் பொறுத்துத் தொப்புள்கொடியைக் கவ்வியிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து இறங்கும் ரத்தம், குழந்தைக்கு முதல் சில மாதங்களுக்கான இரும்பு இருப்பு. செலவு ஒரு பைசா கிடையாது.

சோற்றைப் பொறுத்தவரை தமிழ்நாடு தலைநிமிர்ந்து பேசலாம். 1956-இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, பிறகு வந்து சேர்ந்த முட்டை, 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறோம். 1980-இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்தார்கள். மூன்று வயதுக்குள் சோறு போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு குவாத்தமாலா கிராமங்களில் சான்று இருக்கிறது. 1969 முதல் 1977 வரை அங்கே புரதக் கஞ்சி பெற்ற கிராமங்களில், இரண்டு வயதுவரை அதைக் குடித்து வளர்ந்த ஆண்கள், பெரியவர்களானபோது மற்றவர்களைவிட 46 சதவீதம் அதிக கூலி ஈட்டினார்கள். ஆகவே ‘சோறு போட்டால் அறிவு வளருமா?’ என்று இன்னமும் கேட்பவர்களுக்குப் பதில் வந்து வெகுகாலம் ஆகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சோறு போய்ச் சேர்ந்த பிறகும் என்ன குறைகிறது?

ஆலங்குளம், கடையம், கீழப்பாவூர் பக்கம் ஏதாவது ஒரு தெருவில் முற்பகலில் நடந்தால் விடை திண்ணையில் உட்கார்ந்திருக்கும். பீடி சுற்றுவது இந்தப் பகுதிப் பெண்களின் தொழில். நனைத்துப் பதப்படுத்திய இலையைத் தகட்டச்சு வைத்துக் கத்தரிக்க வேண்டும். மடியில் தட்டு, தட்டில் தூள். ஒரு சிட்டிகை தூளை இலையில் வைத்து உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றி, அடுத்தது. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் சுற்றி முடிக்க ஒரு பகல் போய்விடும். கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று கழித்துவிடும் பீடிக்குக் கூலி கிடையாது. அதனால் கண் தட்டை விட்டு நகராது. விரல்கள் நிற்காது. பக்கத்தில் தவழும் பிள்ளை ‘ம்மா’ என்று எதையோ காட்டும். அம்மா நிமிர்ந்து பார்த்து, ‘அது காக்காடா, பறந்து போச்சு பாத்தியா’ என்று சொல்ல எடுக்கும் அந்தச் சில நொடி ஒரு பீடியின் விலை. நாளெல்லாம் அப்படி நூறு முறை நிமிர்ந்தால் கூலியில் துண்டு விழும். நிமிராவிட்டால் துண்டு விழுவது வேறு இடத்தில்.

எந்த இடத்தில் என்பதை ஆய்வுகள் ஓரளவுக்குத் தெளிவாகவே காட்டுகின்றன. 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, அவர்கள் கதை கேட்கும்போது மூளை எப்படி இயங்குகிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். காதில் எத்தனை சொல் விழுந்தது என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. பிள்ளை ஒன்று சொல்ல, பெரியவர் ஒன்று சொல்ல, மறுபடி பிள்ளை சொல்ல, என்று பேச்சு எத்தனை முறை கைமாறியது என்பதுதான் மூளையின் மொழிப் பகுதியின் இயக்கத்தோடு ஒத்துப்போனது. வீட்டு வருமானம் என்னவாக இருந்தாலும் இதே முடிவு. திண்ணையில் பேச்சுக்குக் குறைவில்லை. ஊர்க்கதை, சீரியல் கதை எல்லாம் ஓடும். ஆனால் அது பெரியவர்களுக்குள் ஓடும் பேச்சு. பிள்ளை அதன் ஓரத்தில் இருக்கிறது. ரசிகமணி டி.கே.சி. பேசிப் பேசியே இலக்கிய ரசனையை வளர்த்த மண் இது. எதிரே இருப்பவரும் பேச்சில் சேர்ந்தால்தான் அது வளரும் என்பதை நெல்லைச் சீமைக்காரருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கனமான சான்று ஜமைக்காவில் இருந்து வருகிறது. 1986-87-இல் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைத் தேர்ந்தார்கள். எல்லாரும் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். சிலருக்குச் சத்துணவு, சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து தாயோடும் பிள்ளையோடும் விளையாடுவது, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. விளையாட்டுச் சாமான் எல்லாம் வீட்டில் கழித்த பொருட்களில் செய்தவை. இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, பணியாளர் வீட்டுக்கு வந்து விளையாடிய பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதல். சத்துணவு மட்டும் பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தெரிந்த முன்னேற்றம் அவ்வளவு தூரம் நிலைக்கவில்லை. குவாத்தமாலாவையும் ஜமைக்காவையும் சேர்த்துப் படித்தால், உணவா உறவாடலா என்று பட்டிமன்றம் வைக்க இடமில்லை. ஒன்று இல்லாத இடத்தில் மற்றொன்று பாதிதான் வேலை செய்யும். நாம் ஒன்றை மட்டும் திட்டமாக்கியிருக்கிறோம்.

தூளையும் விட்டுவிட முடியாது. புகையிலைத் தூள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகிறது. பீடி சுற்றும் பெண்களின் சிறுநீரில் நிகோடினின் எச்சம் காணப்படுவதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளின் எடை குறைவாக இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. வறுமையால் வந்த குறை எவ்வளவு, தூளால் வந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்பதால் அதை அடித்துச் சொல்லத் தயக்கம் வரலாம். கர்ப்பிணியையும் தவழும் குழந்தையையும் தூளிலிருந்து தள்ளிவைக்க அந்தத் தயக்கம் ஒரு காரணமாகாது.

இந்த இடத்தில் ஒரு கோபமான கேள்வி எழும். எழ வேண்டியதுதான். கடைசியில் எல்லாப் பழியையும் தாயின் தலையில் போடுகிறீர்களா? அந்தப் பீடிக் காசில்தானே முட்டையும் பாலும் வருகிறது, பிள்ளை பள்ளிக்கூடமே போகிறது? உண்மை. ஆண் கொண்டுவரும் கூலி டாஸ்மாக்கில் கரைகிற வீடுகளில் பீடிக் கூலிதான் அடுப்பெரிக்கிறது. வீட்டிலிருந்தபடி செய்யலாம், பிள்ளையையும் பார்த்துக்கொள்ளலாம் என்பதால்தான் பெண்கள் இதை எடுத்தார்கள். அந்த ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லுக்குள்தான் ஏமாற்று இருக்கிறது. ஏமாற்றியவர் தாய் இல்லை. 1966-இல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் வேலையிடம் என்பதற்கு அது கொடுத்த விளக்கத்தில் குடியிருக்கும் வீடு சேராது. வேலை பட்டறையிலிருந்து திண்ணைக்கு வந்தபோது காப்பகமும் கழன்றுபோயிற்று. முதலாளிக்கு இடம், விளக்கு, காப்பகம் எல்லாச் செலவும் மிச்சம். அந்த மிச்சத்தைப் பிள்ளையின் நேரத்திலிருந்து எடுத்தார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாதம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு. பீடி சுற்றும் பெண்ணுக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய். இரண்டுமே நல்ல திட்டங்கள். மூளை வளரும் ஆயிரம் நாட்கள் மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

நேரம் என்பது காசு கொடுத்து வாங்கித் தர முடியாத பொருள், அரசு அதில் என்ன செய்ய முடியும் என்பது அடுத்த ஆட்சேபம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளிலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் அவற்றில் பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளரைப் போட்டு ஆராய்ந்தார்கள். கட்டடம் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லித்தரும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் அந்த மையத்துப் பிள்ளைகள் முந்தினார்கள் என்பது எதிர்பார்த்ததே. எதிர்பாராதது, குள்ளத்தன்மையும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்ததுதான். ஏன்? பழைய டீச்சருக்குக் கை ஓய்ந்தது. எடை பார்க்க, சத்துமாவு சரியாகப் போகிறதா என்று தாயிடம் கேட்க, வீட்டுக்கு ஒரு நடை போக அவருக்கு நேரம் கிடைத்தது. 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கிற மாநிலத்தில், பதிவேடு எழுதவும் செல்போன் செயலியில் ஏற்றவும் டீச்சரின் பகல் போய்விடுகிறது என்றால், பீடித் தட்டு அங்கே வேறு வடிவில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையில் இருக்கும் ஆய்க்குடியில் இதே உண்மையை வேறு வழியாகக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். 1975-இல் கடற்படைத் தேர்வில் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றவர். மாற்றுத்திறனாளிகளுக்கான அந்த அமைப்பு, தலை நிற்காத, பேச்சு வராத, வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளைத் தேடிக் கிராமங்களுக்குப் போகிறது. கிராமத்துப் பெண்களையே பயிற்றுவித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிற்காமல், தாய்க்கும் ஆச்சிக்கும் எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று காட்டிக்கொடுக்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கு இது வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், மற்றக் குழந்தைக்கும் அதே மருந்து குறைந்த அளவிலாவது வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளத் தயங்குவது விசித்திரம். ஜமைக்கா வரை போக வேண்டியதில்லை. முறை தெரிந்தவர்கள் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறார்கள்.

செல்போனைப் பற்றி நீளமாகத் திட்ட எனக்கு விருப்பமில்லை, எல்லாரும் திட்டியாயிற்று. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. தட்டில் ஆயிரம் முடிய வேண்டிய தாய், பிள்ளை கையில் போனைக் கொடுப்பது அவளுக்குத் தெரியாததால் அல்ல. அந்த நேரத்தில் பிள்ளையை எடுத்துக்கொள்ள வேறு கை இல்லை. தூக்கம்தான் அதைவிடக் கவனிக்கப்படாதது. ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் இரவு சீரியல் முடிந்தபின் விளக்கணைந்தால் அது எங்கிருந்து வரும்?

‘எங்க ஆச்சிமார் பத்துப் பிள்ளை பெத்து வளத்தாங்க. எல்லாம் புத்திசாலியாத்தான் இருந்தாங்க’ என்பது எந்தப் பேச்சிலும் வந்துவிழும் வாதம். பத்தில் எத்தனை பிழைத்தன என்பதை ஒரு பக்கம் வைப்போம். ஆச்சி காலத்துப் பிள்ளையைத் தூக்க அத்தை, சித்தி, மூத்த அக்கா என்று முற்றத்தில் நாலு கை இருந்தது. அந்த நாலு கையும் இப்போது திருப்பூரிலும் கேரளத்திலும் வேலைக்குப் போயிருக்கின்றன, அல்லது பக்கத்துத் திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருக்கின்றன. ‘அறிவு பிறவியிலேயே வருவது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் தாயின் அயோடினும் குழந்தையின் இரும்பும் பரம்பரை பார்த்துக் குறைவதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று யாரும் தலையில் கைவைக்க வேண்டாம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது தமிழ்நாட்டுக் கிராமப் பிள்ளைகள் எவ்வளவு இழந்தார்கள் என்று அளந்த ஆய்வு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை அவர்கள் மீட்டுவிட்டதாகக் கண்டது. மீட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அங்கேயும் வேலை செய்தது புதுப் புத்தகமோ கருவியோ இல்லை. மாலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்த தெருக்காரப் பெண்கள்.

கர்நாடகம் 2023-இல் ஊராட்சிதோறும் ‘கூசின மனெ’ என்று காப்பகங்கள் திறக்கத் தொடங்கியது. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்காக என்று தொடங்கிய திட்டம். பீடி ஊர்களில் இதைத் தொடங்க இடத்துக்கு அலைய வேண்டியதில்லை, அங்கன்வாடிக் கட்டடமே போதும். மூன்று வயதுக்கு உட்பட்டவரைச் சேர்ப்பதும், மாலைவரை திறந்து வைப்பதும், அரைநாளுக்கு ஒரு கை கூட்டுவதும்தான் செலவு. அந்தக் கையை அதே திண்ணையிலிருந்து எடுக்கலாம். பீடிக் கூலிக்குக் குறையாமல் சம்பளம் கொடுத்தால் வர ஆளுண்டு. ஆலங்குளத்திலும் கடையத்திலும் கீழப்பாவூரிலும் பத்துப் பத்து மையங்களில் முதலில் செய்து பார்க்கலாம். தாய் சேய் நல அட்டையில் குழந்தை எப்போது சிரிக்கிறது, எப்போது கைகாட்டிக் கேட்கிறது, எப்போது இரண்டு சொல் சேர்த்துச் சொல்கிறது என்று குறிக்க ஏற்கெனவே இடம் இருக்கிறது. எடைப் பக்கத்தை மாதாமாதம் நிரப்பும் நர்சம்மாவும் டீச்சரும் இந்தப் பக்கத்தையும் தாயோடு உட்கார்ந்து நிரப்ப ஒரு குழந்தைக்குப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஆள் போடும் அதிகாரம் மாவட்டத்தில் இல்லை, சென்னையில் இருக்கிறது.